சூடு ஆறும் வரைக்கும்

கல்லாங்காட்டில் லாரி வந்து நின்றால் பெண்கள் முதலில் டிரைவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, எஞ்சினை மூடியிருக்கிற பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். மண்ணைக் கிளறினால் பாறை, பாறையைத் துளைத்தால் அதற்குக் கீழே இன்னொரு பாறை என்று கிடக்கிற ஊரில் வெள்ளாமை செய்து யாரும் பிழைத்ததில்லை. அதனால் வீட்டுக்கு ஒரு லாரி, லாரி நிற்க ஒரு வேப்பமரம் என்று ஊர் பழகிப்போய், மாப்பிள்ளை பார்க்கிறபோதுகூடப் பையன் கிளட்சை எப்படி விடுகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் ஜாதகத்தைக் கையில் வாங்கினார்கள். பானட் கையைச் சுட்டால் ஆள் இப்போதுதான் வந்திருக்கிறான், அடுப்பில் வெந்நீர் ஏறும். வெதுவெதுப்பாக இருந்தால் கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு வந்திருக்கிறான், சோறு உண்டு, வெந்நீர் கிடையாது. சில்லென்று இருந்தால் எப்போதோ வந்து வேறெங்கோ படுத்து எழுந்து வருகிறான், அன்றைக்குச் சோறும் கிடையாது. ஆம்பளைகள் பொய் சொல்வார்கள், எஞ்சினுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்பது அந்த ஊர்ப் பெண்களின் கணக்கு.

இந்த வழக்கத்தோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு வழக்கமும் இருந்தது. வண்டி சூடாக இருக்கும் வரைக்கும் டிரைவரைத் தேடக் கூடாது. நாள்கணக்கில் தனியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தவன் இறங்கினதும் எங்காவது ஒதுங்குவான், ஒரு டீ குடிப்பான், வேண்டிக்கொண்ட தேங்காயை உடைப்பான், ஒன்றுமில்லாவிட்டால் சும்மா ஒரு மரத்தடியில் நிற்பான். அந்த நேரம் அவனுடையது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் சூடு ஆறுவதற்குள் தேடிப் போன ஒருத்தி பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு வந்தாள் என்றும் சொல்வார்கள், என்னத்தைப் பார்த்தாள் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சூடு ஆறியும் ஆள் வராவிட்டால் தேடலாம், ஆனால் அவனுடைய வண்டியிலேயே போய்த்தான் தேட வேண்டும், வேறு வண்டியில் தேடினால் எதிரே நின்றாலும் ஆள் கண்ணில் பட மாட்டான். இதெல்லாம் எந்தச் சாமி சொன்னது என்று கேட்கிற பழக்கம் அங்கே இல்லை. மற்ற ஊர்களுக்கு என்னென்னவோ இருக்கிறது, கல்லாங்காட்டுக்கு இது.

அத்தாயியும் அப்படித்தான் பானட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருசன் சீரங்கனிடம் இருந்தது மூக்கு நீண்ட பழைய லாரி. ஊரில் எல்லோரும் மூக்கில்லாத புது வண்டிகளுக்கு மாறிய பிறகும் அவன் அதை விடவில்லை. தேக்குக் கட்டையில் கேபின், கதவில் இரண்டு மயில், ஸ்டீயரிங் ஒரு தோசைக்கல்லைவிடப் பெரியது. வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் அத்தாயி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, அந்த நீண்ட மூக்கின் மேல் கையை வைப்பாள். சீரங்கன் இறங்கி, கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்பான்.

"ஏம்புள்ள, நானுந்தான் சூடா இருக்கறேன். ஒரு நாளைக்கு மொதல்ல என்னயத் தொட்டுப் பாரேன்."

"ம்க்கும். நீங்க எங்க போயிரப் போறீங்க?" என்பாள் அவள், சிரித்துக்கொண்டே வெந்நீர் வைக்கப் போய்விடுவாள். கல்யாணமான புதிதில் அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். பிற்பாடு சிரிக்காமல் சொன்னான். குழந்தை குட்டி இல்லாத வீட்டில் இரண்டே பேர்தான், அந்த இரண்டு பேருக்கு நடுவில் ஒரு லாரி நிற்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பிறகு ஓர் ஐப்பசி மாதத்து விடியல். தூறலில் வண்டி வந்து வேப்பமரத்தடியில் நின்றது, அவள் கை துடைத்துக்கொண்டு ஓடினாள், பானட்டைத் தொட்டாள், சுட்டது. கதவு திறந்து கிடந்தது. சாவி அதன் துளையில் தொங்கியது. சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது, ஆள் மட்டும் இல்லை. எங்கோ ஒதுங்கப் போயிருக்கிறான் என்று அவள் வெந்நீரை ஏற்றினாள். வெந்நீர் கொதித்தது, தணலைக் குறைத்தாள், மறுபடி கூட்டினாள், மறுபடி குறைத்தாள். உச்சி வெயிலில் போய்த் தொட்டுப் பார்த்தாள், சுட்டது. பொழுது சாயப் போய்த் தொட்டாள், அதே சூடு. பக்கத்து வீட்டுக் கந்தாயியைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னாள்; அவளும் கையை உதறிக்கொண்டு, "நல்லாக் கொதிக்குது அத்தாயி, இப்பத்தான் எறங்கியிருப்பாரு" என்றாள். மறுநாள் லாரிச் சங்கத் தலைவர் வையாபுரி தன்னுடைய பெரிய கையை வைத்துப் பார்த்தார். "எறங்கி அஞ்சு நிமிசம்கூட ஆயிருக்காது அம்மிணி. வந்துருவான். தேடிக்கீடித் தொலச்சறாத" என்றார்.

எஞ்சின் அதற்குப் பிறகு ஆறவே இல்லை. திரும்ப ஸ்டார்ட் ஆகவும் இல்லை. சாவியைத் திருகினால் ஒரு முக்கல்கூட வராது, ஆனால் மலைப்பாதை ஏறி இறங்கிவந்த வண்டி மாதிரி இரும்பெல்லாம் கொதித்துக்கொண்டு நின்றது. கார்த்திகை போனது, மார்கழிப் பனியில் ஊரே வெளுத்துக் கிடந்தபோது அந்த மூக்கின் மேல் மட்டும் ஆவி பறந்தது, தை பிறந்தது. யாரும் தேடவில்லை. எப்படித் தேடுவார்கள்? ஆள் இப்போதுதானே இறங்கியிருக்கிறான்.

அதிசயம் அதிசயமாகவே எத்தனை நாளைக்கு நிற்கும்? முதலில் பூனைகள் வந்தன. பிறகு மழைக்காலத்தில் காயாத பள்ளிக்கூடச் சட்டைகள் வந்தன. தோசை மாவு பொங்கவில்லை என்று ஒருத்தி சட்டியை மட்கார்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள், அது பொங்கி வழிந்தது, அடுத்த வாரம் ஏழெட்டுச் சட்டிகள் அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தன. இடுப்புப் பிடித்தவர்கள் சாய்ந்து நின்றார்கள். பிள்ளை பெற்றவளைச் சாயங்காலம் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முதுகு காட்ட வைத்தார்கள். கந்தாயிதான் கெட்டிக்காரி, வைக்கோலைப் பரப்பி, நாட்டுக்கோழி முட்டைகளை பானட்டின் மேல் அடுக்கி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினாள். ஒரு முட்டைகூடக் கூமுட்டையாகவில்லை. அப்படிப் பொரிந்த குஞ்சுகளுக்கு ஒரே ஒரு கோளாறு, எந்த லாரி போனாலும் அம்மா போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடின. அதனால் கல்லாங்காட்டு டிரைவர்கள் ஊர் எல்லை தாண்டும் வரை நடை வேகத்தில்தான் வண்டி ஓட்டினார்கள், அதையும் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

டவுன் காலேஜில் இருந்து ஒருவர் சூடு அளக்கிற கருவியோடு வந்தார். நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார், மோர் குடித்தார், இதற்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும் என்று சொன்னார். ஊர்க்காரர்களும் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். அவர் பூட்ஸ் காலோடு பம்பரில் ஏறினதைப் பற்றித்தான் பிற்பாடு வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் வண்டி பாழாகக் கூடாது என்று சங்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமைகளில் பானட்டில் மஞ்சள் குங்குமம் ஏறியது.

இவ்வளவு பேர் வந்து போகிற வாசலில் அத்தாயி தனியாக இருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும், "எடம் இருக்குதா?" என்று கேட்டார்கள், பானட்டின் மேல் இடம் இருக்கிறதா என்று. நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? புருசன் செத்தவளுக்கு ஆறுதல் சொல்லலாம், புருசன் விட்டுப் போனவளுக்காக அவனைத் திட்டலாம், புருசன் இப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறவளிடம் என்னத்தைச் சொல்வது? கல்யாண வீடுகளில் முதல் குங்குமம் அவளுக்குத்தான் வந்தது, ஊரிலேயே அசையாத சுமங்கலி அவள்தான். பந்தி முடிந்ததும் ஒவ்வொருத்தியும் ஒவ்வொருவன் பின்னால் வண்டியில் ஏறிப் போவாள். அத்தாயி கையில் தாம்பூலப் பையோடு நடந்து வருவாள். அவளால் அழக்கூட முடியவில்லை. வாசல் வரை போயிருக்கிற ஆளுக்காக அழுதால் அது அபசகுனம். தினமும் பொழுது சாய வெந்நீர் வைத்தாள், அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள், ஆறினதும் வேப்பமரத்துக்கு ஊற்றினாள். உலகத்தில் மற்றதெல்லாம் ஆறுகிறது, அந்த எஞ்சின் ஒன்றுதான் ஆற மாட்டேன் என்கிறது என்று மரத்திடம் ஒருநாள் சொன்னாள். பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றிப் பார்த்தாள்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வண்டி நின்ற அடுத்த மாதமே அவள் கோழிப்பண்ணையில் முட்டை வேன் ஓட்டப் போய்விட்டாள். சீரங்கன் களைத்துத் தூங்குகிற மதியங்களில் லாரியை நிழலுக்கு நகர்த்தி நகர்த்தி, காய்ந்த ஏரிக்குள் வட்டமடித்து அவள் எப்போதோ பழகியிருந்தாள். பண்ணைக்காரர் லைசென்சுக்கு ஏற்பாடு செய்தார், நாளாவட்டத்தில் கனரக வண்டிக்கும் சேர்த்தே வாங்கிவிட்டாள். தினமும் காலையில் டவுன் கடைகளுக்கு முட்டை போகும். அந்த வேனை அவள் ஓட்டிய விதத்தைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்ப மாட்டாள். தெரியாத்தனமாகக்கூடக் கண் அவனைத் தேடிவிடக் கூடாதே என்று ரோட்டின் நடுக்கோட்டையே பார்த்து ஓட்டினாள். அவள் மட்டுமா, ஊர் டிரைவர்கள் அத்தனை பேரும் சீரங்கனைத் தப்பித்தவறித் தேடிவிடக் கூடாது என்று நேரே பார்த்தே ஓட்டினார்கள். அந்த வருசத்திலிருந்து கல்லாங்காட்டு லாரிகள் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. சங்கத்துக்கு இதற்காக ஒரு கேடயம் கிடைத்தது. அதையும் கொண்டுவந்து அந்த லாரியின் டேஷ்போர்டில்தான் வைத்தார்கள்.

இப்படிப் பதினோரு வருசம் ஓடிய பிறகு, டவுன் மெக்கானிக் தாவூத் ஒருநாள் அவள் வேனுக்கு ஆயில் மாற்றும்போது பேச்சை எடுத்தான்.

"அக்கா, மலையில கவுந்த புது லாரி ஒண்ணு பட்டறைக்கு வந்திருக்குது. பாடி போச்சு, டிரைவரு தப்பிச்சுட்டாரு, எஞ்சின்ல ஒரு கீறல் இல்ல. உங்க வண்டி பாடியெல்லாம் தேக்கு, சேசிஸ் இன்னொரு அம்பது வருசம் நிக்கும். பழைய எஞ்சினத் தூக்கிட்டு இத வெச்சறலாம். கியர் பாக்ஸ் அதோடதே வந்துரும். எஞ்சின் உக்கார்ற எடத்த மட்டும் வெட்டி வெல்டு வெக்கோணும், ரேடியேட்டர் பெருசாப் போடோணும். ஆர்.சி. புக்குல நம்பர மாத்தி வாங்கறதுக்கு நானாச்சு. சும்மா கோழி அடகாக்கறதுக்கா அந்த வண்டி?"

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். டர்போ வைத்தது, சத்தம் இருக்காது, புகை இருக்காது, டீசல் குறைவாகக் குடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனான். அத்தாயி எல்லாவற்றையும் வேறு யாருக்கோ சொல்வது போலக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேனில் ஏறப் போனவள் திரும்பி ஒன்று கேட்டாள்.

"நிறுத்துனா எத்தன நேரத்துல ஆறும் தம்பி?"

தாவூத்திடம் அதுவரை யாரும் எந்த எஞ்சினைப் பற்றியும் அப்படிக் கேட்டதில்லை. "ஆறறதா? அதுபாட்டுக்கு ஆறீருங்க்கா. சாயங்காலம் நிறுத்துனீங்கன்னா காலைல சில்லுனு கெடக்கும்."

"ஆறீருமா?"

"பின்ன? எஞ்சின்னா ஆறாதுங்களா?" என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து, தாவூத் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று மதியம் கொட்டகையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அத்தாயி லாரியின் அருகே போனாள். முட்டைச் சாக்கை ஒதுக்கி, வெறும் இரும்பின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். சூடு மெல்ல மெல்ல முகத்தில் ஏறியது. பதினோரு வருசத்தில் அவளைத் தொட்டது இந்தச் சூடு ஒன்றுதான். காய்ச்சலில் கிடந்த நாட்களில் இதன் மேல் முதுகைச் சாய்த்துத்தான் குளிரைத் தாண்டினாள், தீபாவளிகளை இதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் கழித்தாள். இது இருக்கும்வரை அவன் வருவான். இது இருக்கும்வரை அவனைத் தேடவும் முடியாது. இரண்டும் ஒரே இரும்புக்குள் இருந்தன. இதைக் கழற்றிவிட்டால் கன்னம் வைக்க இடமில்லாத பொம்பளையாகத் தான் ஆகிவிடுவோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, பயமாக இருந்தது, வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு அவன் சிரிக்காமல் சொன்னது காதில் விழுந்தது. நானுந்தான் சூடா இருக்கறேன். கன்னத்தை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரிகள் எல்லாம் ஊரில் நிற்கிற நேரத்தில் சங்கக் கட்டடத்தில் கூடினார்கள். எஞ்சினை மாற்றப் போகிறேன், வண்டியை எடுத்துக்கொண்டு அவரைத் தேடப் போகிறேன் என்று அத்தாயி சொன்னாள். தேடுவது என்ற சொல்லையே ஊர் மறந்து போயிருந்தது. முதலில் வாயைத் திறந்தவள் கந்தாயி.

"கோழி முட்டையெல்லாம் அடையில இருக்குது அத்தாயி. இன்னும் பொரிக்கல."

"பொரிக்கட்டும். எஞ்சின அங்கியே செங்கல்லு மேல எறக்கி வெச்சறச் சொல்றேன்."

அதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு மூச்சு வந்தது. ஊர் என்றால் அப்படித்தான், முட்டைக்கும் தோசை மாவுக்கும் வழி சொல்லிவிட்டால் மற்றதைப் பொறுமையாகப் பேசும். வையாபுரி மட்டும் விடவில்லை. அவர் கெட்ட மனுசர் இல்லை. பதினோரு வருசமாக எந்தக் கல்யாணத்திலும் அவளுக்கு முதல் குங்குமம் கொடுக்கச் சொன்னவரே அவர்தான்.

"அம்மிணி, வண்டி சூடா இருக்கற வரைக்கும் தேடக் கூடாதுங்கறது உனக்குத் தெரியாததில்ல."

"சூடு எஞ்சினோடதுங்க மாமா. வழக்கத்துல வண்டின்னுதான சொல்லியிருக்குது? வேற எஞ்சின் வெச்சா வண்டி ஆறீரும்."

சங்கத்தில் சலசலப்பு ஏறியது. எஞ்சின் இல்லாமல் வண்டி ஏது என்றான் ஒருவன். பேர் எழுதியிருப்பது பாடியிலா எஞ்சினிலா என்றான் இன்னொருவன். டயரை மாற்றுகிறோம், பாடி கட்டுகிறோம், அதே வண்டிதானே என்றார்கள் சிலர். வையாபுரி கையைத் தூக்கினார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அதுக்கில்ல அம்மிணி. எஞ்சினக் கழட்டிட்டா அவன் எறங்கிப் போயி ரொம்ப நாளாயிருச்சுன்னு ஆயிரும். அப்பறம் உன்னய நாங்க என்னன்னு நெனைக்கறது? என்னன்னு கூப்புடறது?"

"அத்தாயின்னு கூப்புடுங்க மாமா."

"அவரு திரும்பி வந்து, எங்கடி என்னோட எஞ்சின்னு கேட்டா?" என்றாள் கந்தாயி.

"கேக்கட்டும் புள்ள. கேக்கறதுக்காவது வரட்டும்."

வையாபுரி எழுந்து கூட்டத்தைக் கலைத்தார்.

தாவூத் சங்கிலிக் கப்பியோடு வந்தான். கொட்டகைத் தகரத்தைப் பிரித்து, கேபினுக்கு முன்னால் முக்காலி நட்டு, பானட்டைக் கழற்றி, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகத் திருகினான். தூறலில் சங்கிலி ஏற ஏற எஞ்சின் ஆவி விட்டுக்கொண்டு மேலே வந்தது, பிரசவ அறை வாசலில் நிற்பவர்களைப் போல ஊர்க்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செங்கல் மேடையில் இறக்கினதும் கந்தாயி ஓடிப்போய்த் தொட்டாள். "ஆறல!" என்று கத்தினாள். ஊர் கை தட்டியது. அத்தாயி அதைப் பார்க்கவில்லை, லாரியின் மூக்குக்குள் எஞ்சின் இருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மண்ணும் எண்ணெயும் இருட்டும்தான் இருந்தன. இவ்வளவுதானா என்று நினைத்தாள்.

புது எஞ்சினுக்கு வெல்டு வைத்து, ரேடியேட்டர் பொருத்தி, பழைய பானட்டையே மேலே மூடி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்வந்து, எல்லாம் முடிந்த சாயங்காலம் அவள் சாவியைத் திருகினாள். முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் தையல் மிசின் ஓடுவது மாதிரி இருந்ததில் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஊரை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினாள்.

காலையில் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், பானட்டின் மேல் வைத்தாள். பனியில் நனைந்து குடத்துத் தண்ணீர் போலச் சில்லென்று கிடந்தது.

அவள் அழுதாள். இப்போது அழலாம், யாரும் குறை சொல்ல முடியாது. சில்லிட்ட இரும்பில் நெற்றியை முட்டிக்கொண்டு, பதினோரு வருசமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். முட்டைக் கூடையோடு வந்த கந்தாயி, செங்கல் மேடையில் முட்டைகளைச் சத்தமில்லாமல் அடுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தேடுவது என்றால் எங்கே ஆரம்பிப்பது? அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. டவுன் ரோட்டிலேயே வண்டியை விட்டாள், ஆனால் முதல் முறையாகத் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். தினமும் போன ரோடு அவளுக்குப் புதிதாக இருந்தது. இடது கைப்பக்கம் தாமரை பூத்த குட்டை ஒன்று இருந்தது. உடைந்த மண்குதிரை ஒன்று நின்றது. யாரோ ஒருத்தி அவளைப் பார்த்துக் கையசைத்தாள், எத்தனை வருசமாக அசைக்கிறாளோ. ஏரி திரும்புகிற இடத்தில், ஊர் வேப்பமரங்களின் உச்சி இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், புளியமரத்தடியில் ஒரு டீக்கடை இருந்தது. வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் யார் டீ குடிப்பார்கள் என்று கல்லாங்காட்டு வண்டி எதுவும் அங்கே நின்றதில்லை. அத்தாயி நிறுத்தினாள்.

டீக்கடையில் அவள் வயதுள்ள ஒரு பொம்பளை பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். அத்தாயி எப்படிக் கேட்பது என்று தெரியாமல், நின்றபடியே கேட்டாள்.

"ஒருத்தரத் தேடி வந்தனுங்க. பதினோரு வருசத்துக்கு முன்னால. ஒசரமா இருப்பாரு, புருவத்துல ஒரு தழும்பு. டீயில சக்கர போட வேண்டாம்பாரு."

"சக்கர இல்லாத டீயா?" அந்தப் பொம்பளை பால் சொம்பைக் கீழே வைத்தாள். "அந்த டிரைவரண்ணனா? வண்டிய வூட்டுல நிறுத்திப்போட்டு நடந்து வந்தேன்னு சொன்னாரே, அவரா?"

அத்தாயி தலையை ஆட்டினாள்.

"இங்கதானுங்க இருந்தாரு, அந்த மழக்காலம் பூரா. வெறகு பொளந்து குடுப்பாரு, கடைக்குள்ளயே படுத்துக்குவாரு. ஏனுங்கண்ணா வூட்டுக்குப் போகலையான்னா, என்னயத் தேடிக்கிட்டு எம் பொண்டாட்டி வருவா, வந்தா போவேன்னுவாரு. சின்னப் புள்ளையாட்டம். தெனம் காலைல ஒரு முட்ட வேன் போகும். அது சத்தம் கேட்டாப் போதும், துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டோரம் போயி நிப்பாரு. ஓட்டறது ஒரு பொம்பள. அவ தலையத் திருப்பவே மாட்டா. வேன் போயிரும், இவரு வந்து உக்காந்து டீயக் குடிப்பாரு. ஒருக்கா நாங்கூட, ஒரு சத்தம் குடுக்கறதுதானுங்கண்ணான்னேன். கூப்புட்டு வந்தா அது தேடி வந்த மாதிரி ஆகுமாம்மான்னாரு."

லாரி பின்னால் மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தாயி புளியமரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாளு வேன் வந்துச்சு, அவரு எந்திரிக்கல. உக்காந்த எடத்துலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு மத்தியானம் மேக்கால போற லாரி ஒண்ணுல கை காட்டி ஏறிட்டாரு. அதுக்கப்பறம் வல்லீங்க." அவள் அத்தாயியை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க யாருங்க அவருக்கு?"

பெண்டாட்டி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது.

"அந்த முட்ட வேன் ஓட்டுனவ" என்றாள்.

அந்தப் பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மரத்தடியில் கிடந்த பலகை பெஞ்சைக் கண்ணால் காட்டினாள். ரோட்டைப் பார்த்தபடி இருந்தது பெஞ்சு. அதில் ஒரு ஓரத்தில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. அத்தாயி கிட்டே வந்ததும் எழுந்து இடம் விட்டுப் போனது. அவள் குனிந்து, பழக்கதோசத்தில், நாய் படுக்காத இன்னொரு ஓரத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

கை சுட்டது.

"அது எப்பவும் அப்படித்தானுங்க" என்றாள் டீக்கடைப் பொம்பளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவரு எந்திரிச்சுப் போனதுலருந்து ஆறவே இல்ல. நாய்க்குத்தான் சொகம். நீங்க உக்காருங்க, சூடா ஒரு டீ போடறேன்."

அத்தாயி கையை எடுக்காமல் நின்றாள். ஆள் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறான். இன்னும் சூடு இருக்கிறது. உட்கார வேண்டும், காத்திருக்க வேண்டும், தேடக் கூடாது. அவள் பிறந்த ஊர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்தப் பலகையில் இருந்தது. உட்கார்ந்தால் போதும், இன்னொரு பதினோரு வருசம் முதுகுக்கு இதமாகக் கழிந்துவிடும்.

"மேக்கால எந்த ரோடுங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பொம்பளை கையை நீட்டிக் காட்டினாள். அத்தாயி ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள். பெஞ்சு ஆறுவதற்கு அவள் காத்திருக்கவில்லை.